தனுஷ்கோடி நடைப்பயணம்

தனுஷ்கோடி நடைப்பயணம் என்பது தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்தில், இராமேசுவரம் தீவின் தென்கிழக்கு மணல்நிலத்தின் வழியாக அரிச்சல்முனை வரை நடந்து செல்வதைக் குறிக்கும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையுள்ள 9.5 கிலோமீட்டர் தொலைவு இதன் முதன்மைப் பகுதியாகும். சேது யாத்திரை செய்வோர் நீண்ட காலமாக இவ்வழியே நடந்துள்ளனர். 1964ஆம் ஆண்டுப் புயலில் தொடர்வண்டிப் பாதை அழிந்த பிறகு, 2017ஆம் ஆண்டில் தார்ச்சாலை திறக்கப்படும் வரை, மணலில் நடப்பதும் மணலில் ஓடக்கூடிய சிற்றுந்துகளில் செல்வதுமே இங்கு வரும் வழியாக இருந்தன.

இப்பாதையில் ஏற்றமோ இறக்கமோ இல்லை. ஆயினும் நிழலின்மை, குடிநீர்ப் பற்றாக்குறை, கடும் வெயில், காற்று, கால் புதையும் மணல் ஆகியவற்றால் இது எளிய நடை அன்று. இரு புறமும் கடல் சூழ்ந்த இந்நிலத்தில் மணலுக்கு அடியில் கிடைக்கும் நன்னீரே மக்கள் வாழ்வதற்கும் யாத்திரை நடப்பதற்கும் அடிப்படையாக இருந்து வந்துள்ளது.

அமைவிடமும் வழியும்

இராமேசுவரம் தீவு (பாம்பன் தீவு) மேற்கே பாம்பன் ஊரிலிருந்து தென்கிழக்கே தனுஷ்கோடி வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீண்டுள்ளது. தீவின் மேற்குப் பகுதி அகலமானது. தென்கிழக்கே செல்லச் செல்ல நிலம் குறுகி, சில இடங்களில் சில நூறு மீட்டர் அகலமே உடைய மணல்திட்டாக மாறுகிறது. இதன் வடக்கே பாக் நீரிணையும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. நில முடிவாகிய அரிச்சல்முனைக்கு அப்பால் இராமர் சேது அல்லது ஆதாம் பாலம் எனப்படும் மணல்திட்டுகளின் வரிசை இலங்கையின் தலைமன்னார் நோக்கித் தொடர்கிறது.

இராமேசுவரம் நகரிலிருந்து அரிச்சல்முனை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெரும்பாலானோர் முகுந்தராயர் சத்திரம் வரை வாகனத்தில் வந்து அங்கிருந்து நடக்கத் தொடங்குவர். அங்கிருந்து பழைய தனுஷ்கோடி ஊர் 5 கிலோமீட்டர். அதற்கப்பால் 4.5 கிலோமீட்டரில் அரிச்சல்முனை. போய்த் திரும்ப மொத்தம் 19 கிலோமீட்டர் ஆகும்.

தீவின் உயரமான இடம் இராமேசுவரம் கோயிலுக்கு வடக்கே உள்ள கந்தமாதன பர்வதம். பர்வதம் எனப் பெயர் பெற்றாலும் அது ஒரு மணற்குன்றே. தனுஷ்கோடி வழியில் அந்த அளவு மேடும் கிடையாது. எனவே நடப்பவருக்கு நெடுந்தொலைவு வரை ஒரே காட்சியே தெரியும். கடந்த தொலைவைக் கண்ணால் கணிப்பது கடினம்.

நில அமைப்பு

இராமேசுவரம் தீவு பவளப்பாறையும் சுண்ணாம்புக் கல்லும் மணலும் சேர்ந்து உருவானது. தென்கிழக்கு நீட்சியை அலைகளும் காற்றும் கொண்டு வந்து குவித்த மணலே ஆக்கியுள்ளது. ஆகவே இதன் கரைக்கோடு நிலையானது அன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் தெற்குக் கடல் சீறும். வடக்குக் கடல் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் இந்நிலை மாறும். இம்மாற்றத்துக்கு ஏற்ப ஒரு கரையில் மணல் அரிக்கப்பட்டு மற்றொரு கரையில் சேரும். அரிச்சல்முனையின் வடிவம் ஆண்டுக்கு ஆண்டு மட்டுமன்றிப் பருவத்துக்குப் பருவமும் மாறுபடும். உள்ளூர் மீனவர்கள் பொதுவாக அமைதியான வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் அலை மிகுந்த தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் அழைப்பர்.

மணல்திட்டின் நடுவே ஆழமற்ற உப்பங்கழிகளும் சேற்று வெளிகளும் உள்ளன. கோடையில் இவை வற்றி, மேலே உப்புப் படிந்து, உறுதியான தரைபோல் தோன்றும். ஆனால் மேற்பரப்புக்குக் கீழே ஈரச்சேறு இருக்கும். குறுக்கு வழி என்று கருதி இதன்மீது நடப்போரின் கால்கள் முழங்கால் வரை புதைவதுண்டு.

தட்பவெப்பம்

இராமநாதபுரம் மாவட்டம் தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களுள் ஒன்று. ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையாகும். சனவரிக்குப் பிறகு பல மாதங்கள் குறிப்பிடத்தக்க மழை இருப்பதில்லை. தீவில் ஆறு எதுவும் இல்லை.

கடற்காற்று இருப்பதால் உட்பகுதி ஊர்களைவிட இங்கு வெப்பநிலை சற்றுக் குறைவாகவே பதிவாகும். நடப்பவரை ஏமாற்றுவது இதுவே. வீசும் காற்று வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுவதால், உடல் எவ்வளவு நீரை இழக்கிறது என்பது உணரப்படுவதில்லை. வெண்மணலும் கடற்பரப்பும் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் தலைக்கு மேலிருந்து மட்டுமன்றிக் கீழிருந்தும் வெப்பம் தாக்கும்.

மணலில் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் கால் புதைந்து பின்னோக்கிச் சறுக்கும். உடற்செயலியல் ஆய்வுகளின்படி, உறுதியான தரையில் நடக்கத் தேவைப்படும் ஆற்றலைப் போல இரு மடங்குக்கும் மேல் உலர்ந்த மணலில் நடக்கத் தேவைப்படுகிறது. அலை வந்து திரும்பும் இடத்தில் ஈரமணல் இறுகியிருப்பதால் அங்கு நடப்பது எளிது. சாலை வருவதற்கு முன் நடந்து சென்றவர்கள் பெரும்பாலும் இந்த ஈரக்கரையையே வழியாகக் கொண்டனர்.

நன்னீர்

இரு கடல்களுக்கு நடுவேயுள்ள மணலில் குடிக்கத்தக்க நீர் கிடைப்பது இவ்விடத்தின் சிறப்பு. கடற்கரையிலிருந்து சிறிது உள்ளே, மணலில் சில அடி ஆழம் தோண்டினால் நன்னீர் ஊறும். மீனவக் குடும்பத்துப் பெண்கள் இத்தகைய ஊற்றுக் குழிகளில் மெல்ல ஊறும் நீரைச் சிரட்டையாலோ குவளையாலோ மொண்டு குடத்தில் நிரப்புவர். குழியிலுள்ள நீர் தீர்ந்தால் மீண்டும் ஊறும் வரை காத்திருப்பர்.

இந்த நீர் கடலிலிருந்து வடிகட்டப்பட்டு வருவதாகப் பலர் கருதுவர். அது தவறு. இது முழுவதும் மழைநீரே. மணலில் விழும் மழை வழிந்தோடாமல் உள்ளே இறங்குகிறது. மணலுக்கு அடியில் ஏற்கெனவே கடலிலிருந்து ஊடுருவிய உப்புநீர் உள்ளது. நன்னீரின் அடர்த்தி 1.000 எனில் கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.025. எனவே எடை குறைந்த நன்னீர், உப்புநீரின்மேல் மிதக்கும் ஒரு படலமாக நிற்கிறது. நடுவில் தடித்தும் இரு கரைகளை நோக்கி மெலிந்தும் இருப்பதால் இதனை நன்னீர் வில்லை என்பர்.

இவ்வில்லையின் அளவை நிர்ணயிக்கும் விதி கைபென்–எர்சுபெர்க்கு விதி எனப்படும். கடல் மட்டத்துக்கு மேல் நிலத்தடி நீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அதைப்போல் 40 மடங்கு ஆழத்துக்குக் கடல் மட்டத்துக்குக் கீழே நன்னீர் இருக்கும் என்பது அவ்விதி. எடுத்துக்காட்டாக, நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் மேலே நின்றால் கீழே 4 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கமும் உண்டு. அளவுக்கு மீறி நீரை எடுத்து, நீர்மட்டம் 1 சென்டிமீட்டர் தாழ்ந்தால், உப்புநீர் 40 சென்டிமீட்டர் மேலேறும். ஆழமான கிணறு தோண்டினாலோ விசைப்பொறியால் இறைத்தாலோ உப்புநீர் விரைவில் கலந்துவிடும். ஆழமின்றித் தோண்டி, சிறிதளவு மொண்டு, ஊறும் வரை காத்திருக்கும் உள்ளூர் முறை இந்நிலத்துக்குப் பொருத்தமானதாக இருப்பதன் காரணம் இதுவே.

இராமேசுவரம் தீவின் தீர்த்தங்கள் பலவும் இந்நீரியல் பின்னணியில் கருதத்தக்கவை. தங்கச்சிமடத்தில் கடலுக்குள் அமைந்த வில்லூன்றித் தீர்த்தத்தில் நன்னீர் ஊறுகிறது. இராமன் வில்லை ஊன்றியதால் அங்கு நீர் பெருகியது என்பது தொன்மம். தனுஷ்கோடி செல்லும் வழியில் சடாயு தீர்த்தம் உள்ளது. இராமநாதசுவாமி கோயிலுக்குள் மட்டும் 22 தீர்த்தங்கள் உள்ளன.

வரலாறு

சேது யாத்திரை

சேதுவில் நீராடுவது இந்தியா முழுவதிலுமிருந்து வந்த யாத்திரிகர்களின் கடமைகளுள் ஒன்றாகக் கருதப்பட்டது. சேதுவின் மணலை எடுத்துச் சென்று பிரயாகையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டு வந்து இராமநாதருக்கு அபிடேகம் செய்வதே காசி–இராமேசுவர யாத்திரையின் முறையாகும். தொடர்வண்டிக்கு முற்பட்ட காலத்தில் இப்பயணம் பெரும்பாலும் கால்நடையாகவே நடந்தது. இராமநாதபுரம் சீமையில் உப்பூர், தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை ஆகியவை யாத்திரிகர்கள் தங்கி வழிபடும் இடங்களாக இருந்தன. தோணித்துறை, மண்டபம் பகுதியிலிருந்து படகில் பாம்பன் கால்வாயைக் கடந்து தீவை அடைந்தனர்.

வறண்ட நிலத்தில் நாட்கணக்கில் நடந்தவர்களுக்கு நீரும் உணவும் காவலும் தேவைப்பட்டன. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் ஆட்சியில் ஏற்றம் பெற்ற இராமநாதபுரம் மன்னர்கள், சேது வழியைக் காப்பவர் என்னும் பொருளில் சேதுபதி என்று அழைக்கப்பட்டனர். வழிநெடுகச் சத்திரங்களும் மடங்களும் அமைக்கப்பட்டன. தஞ்சாவூர் மராத்திய மன்னர்களும் தஞ்சாவூரிலிருந்து இராமேசுவரம் செல்லும் வழியில் சத்திரங்கள் கட்டினர். இரண்டாம் சரபோசி மன்னர் 1802ஆம் ஆண்டில் ஒரத்தநாட்டில் நிறுவிய முக்தாம்பாள் சத்திரம் அவற்றுள் ஒன்று.

இவ்வழியில் உள்ள ஊர்ப்பெயர்கள் பழைய ஏற்பாட்டை இன்றும் காட்டுகின்றன. மண்டபம், அக்காள்மடம், தங்கச்சிமடம், முகுந்தராயர் சத்திரம் ஆகிய பெயர்கள் தங்கிச் செல்லும் இடங்களைக் குறிப்பன. நடைவழியில் நீர் வழங்குவதை அறமாகக் கருதி அமைத்த தண்ணீர்ப்பந்தல் மரபும் இதனோடு சேர்ந்ததே. அமெரிக்காவில் 4,200 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள பசிபிக் கிரெசுட்டு நடைவழியின் தென் கலிபோர்னியாப் பாலைப் பகுதியில், தன்னார்வலர்கள் நடப்பவர்களுக்காகத் தண்ணீர்க் கலன்களை வைத்துச் செல்லும் வழக்கம் இக்காலத்தில் உள்ளது. நீரில்லா வழியில் நடை தொடர வேண்டுமெனில் யாரேனும் நீர் வைக்க வேண்டும் என்பதை இரண்டும் உணர்த்துகின்றன.

தொடர்வண்டிக் காலம்

1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று பாம்பன் தொடர்வண்டிப் பாலம் திறக்கப்பட்டது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி வரை இருப்புப்பாதை சென்றது. சென்னையிலிருந்து போட் மெயிலில் வருவோர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கிருந்து தொடர்வண்டியில் கொழும்பை அடைந்தனர். தொடர்வண்டி நிலையம், துறைமுக அலுவலகம், சுங்க அலுவலகம், அஞ்சலகம், தேவாலயம், பள்ளி ஆகியவற்றுடன் தனுஷ்கோடி சுறுசுறுப்பான ஊராக விளங்கியது. அரை நூற்றாண்டுக் காலம், யாத்திரிகர்கள் இக்கடைசி வழியை நடந்தே கடக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

1964ஆம் ஆண்டுப் புயல்

1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவையொட்டிக் கடும் புயலும் பேரலைகளும் தனுஷ்கோடியைத் தாக்கின. பாம்பனிலிருந்து புறப்பட்டு வந்துகொண்டிருந்த 653 எண் பயணிகள் தொடர்வண்டி கடலில் மூழ்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஊரின் கட்டடங்கள் பெரும்பாலும் அழிந்தன. பாம்பன் பாலமும் பெரும் சேதமடைந்தது. பொறியாளர் இ. சிறீதரன் பொறுப்பில் அது 46 நாட்களில் சீரமைக்கப்பட்டது. ஆனால் தனுஷ்கோடி இருப்புப்பாதை மீண்டும் அமைக்கப்படவில்லை. தனுஷ்கோடியை மக்கள் வாழத் தகுதியற்ற இடமாக அரசு அறிவித்தது. இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடலை ஒட்டி அமைந்த கோதண்டராமர் கோயில் இப்புயலில் தப்பியது.

மணல்வழிக் காலம்

அறிவிப்புக்குப் பிறகும் மீனவர்கள் தனுஷ்கோடிக்குத் திரும்பினர். மின்சாரமும் சாலையும் இல்லாத நிலையில் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தனர். ஊற்றுக் குழிகளின் நீரே அவர்களுக்கு ஆதாரமாக இருந்தது. பேரலை நிலத்தைக் கடக்கும்போது நன்னீர் வில்லையில் உப்பு கலக்கும். ஆனால் அடுத்தடுத்த மழைகள் அந்த உப்பைக் கழுவி வெளியேற்ற, நீர் மீண்டும் இனிப்பாகும். ஊர் அழிந்த இடத்திலும் மக்கள் மறுபடி வாழ முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அக்காலத்தில் முகுந்தராயர் சத்திரமே சாலையின் முடிவு. அங்கிருந்து மீன் ஏற்றும் வண்டிகளிலும் மணலிலும் ஆழமற்ற நீரிலும் ஓடக்கூடிய சிற்றுந்துகளிலும் யாத்திரிகர்களும் சுற்றுலாப் பயணிகளும் சென்றனர். மற்றவர்கள் நடந்தனர். இடிந்த தேவாலயத்தின் பவளக்கல் சுவர்களும் தொடர்வண்டி நிலையத்தின் எச்சங்களுமே நெடுந்தொலைவிலிருந்து தெரிந்த வழிக்குறிகள்.

சாலை

முகுந்தராயர் சத்திரம் முதல் அரிச்சல்முனை வரையிலான 9.5 கிலோமீட்டர் சாலை 2017 சூலை 27 அன்று திறக்கப்பட்டது. சாலையின் முடிவில் அசோகத் தூண் அமைந்துள்ளது. இதன் பிறகு பெரும்பாலோர் வாகனத்தில் அரிச்சல்முனையை அடைகின்றனர். நடப்பவர்கள் சாலையோரத்தையோ கடற்கரையையோ பயன்படுத்துகின்றனர்.

தாவரங்களும் உயிரினங்களும்

மணலில் இராவணன் மீசை எனப்படும் கூர்முனைப் புல்லும் அடம்பங்கொடியும் படர்ந்து மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. தாழை, பனை, சவுக்கு, சீமைக்கருவேலம் ஆகியவை ஆங்காங்கே உள்ளன. இவற்றின் நிழல் தொடர்ச்சியானது அன்று. இராவணன் மீசையின் முனைகள் தோலைக் குத்தும் அளவு கூர்மையானவை. இதன் பந்து வடிவக் கதிர்கள் காற்றில் உருண்டு சென்று விதைகளைப் பரப்பும்.

குளிர்காலத்தில் பூநாரைகளும் உள்ளான்களும் ஆலாக்களும் உப்பங்கழிகளுக்கு வருகின்றன. தமிழ்நாடு அரசு 2025ஆம் ஆண்டில் தனுஷ்கோடியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் இக்கடற்கரையில் முட்டையிடும். வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986ஆம் ஆண்டு முதல் உள்ளது.

நடப்பவர் கவனிக்க வேண்டியவை

- காலம்: டிசம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை நடக்க ஏற்றது. ஏப்ரல், மே மாதங்களில் பகல் நடை ஆபத்தானது. புயல் எச்சரிக்கை உள்ள நாட்களில் செல்லக் கூடாது.
- நேரம்: காலையில் இயன்றவரை முன்னதாகத் தொடங்கி, வெயில் ஏறும் முன் பெரும்பகுதியை முடிக்க வேண்டும். மாலைக்குப் பின் இப்பகுதியில் தங்க அனுமதி இல்லை. அனுமதி நேரத்தை அங்குள்ள காவல் சாவடியில் கேட்டறிய வேண்டும்.
- நீர்: போய்த் திரும்பும் 19 கிலோமீட்டருக்கு ஒருவருக்குக் குறைந்தது 3 லிட்டர் தேவை. வழியில் உள்ள கடைகளை மட்டும் நம்பிச் செல்லலாகாது. பாதி நீர் தீர்ந்தவுடன், எவ்விடத்தில் இருந்தாலும் திரும்புவது நல்லது. வெறும் தண்ணீரோடு உப்பிட்ட மோர் அல்லது உப்பு–சர்க்கரைக் கரைசலும் வேண்டும்.
- ஊற்றுகள்: ஊற்றுக் குழிகள் ஒரு குடும்பத்தின் அன்றாடக் குடிநீர். கேட்காமல் மொள்வதும், அருகில் கை கால் கழுவுவதும், மலம் சிறுநீர் கழிப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். மணலில் கழிவு எளிதாக நீர்ப்படலத்தை அடைந்துவிடும்.
- கடல்: அரிச்சல்முனையில் நீராடுவது ஆபத்தானது. இரு கடல்களின் நீரோட்டங்கள் சந்திப்பதால் கரையருகே ஆழம் திடீரென மாறும்.
- வெப்பத் தாக்கம்: தலைச்சுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோதல், பேச்சுத் தடுமாற்றம் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். அவ்வாறு நேர்ந்தால் உடனே நிழலில் படுக்க வைத்து, உடலை நனைத்து, 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும்.
- பவளம்: கரையில் ஒதுங்கிய பவளத் துண்டுகளை எடுத்துச் செல்வது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

சூழல் சிக்கல்கள்

சாலை தனுஷ்கோடி மக்களுக்கு மருத்துவமனை, பள்ளி, சந்தை ஆகியவற்றை அருகில் கொண்டுவந்துள்ளது. சிற்றுண்டிக் கடை, மீன் கடை, சிப்பிப் பொருள் விற்பனை ஆகியவற்றால் வருமானமும் கிடைக்கிறது. அதே வேளையில், ஒரு சில நூறு மீனவக் குடும்பங்களுக்குப் போதுமானதாக இருந்த நன்னீரின் மீது, வந்து செல்வோரின் தேவையும் சுமத்தப்படுகிறது. மழையின் அளவு கூடவில்லை. மணல்திட்டின் அகலமும் கூடவில்லை. இறைக்கும் அளவு கூடினால் உப்புநீர் மேலேறும் என்பது இந்நிலத்தின் இயல்பு. வாகனங்கள் மணல்மேடுகளின்மேல் ஏறும்போது அடம்பும் இராவணன் மீசையும் அழிகின்றன. அவை அழிந்தால் மணல் நகரும்; மணல் நகர்ந்தால் அதனடியில் தேங்கும் மழைநீரும் குறையும்.

பயணிகள் தமக்குத் தேவையான நீரைத் தாமே கொண்டுவருவதும், நெகிழிப் புட்டிகளைத் திரும்ப எடுத்துச் செல்வதும், மணல்மேடுகளை விட்டு ஈரக்கரையில் நடப்பதும் இவ்வூற்றுகளைக் காக்க உதவும். முற்காலத்தில் இவ்வழியில் நடந்தவர்களுக்கு ஊரார் நீர் வைத்தனர். இன்று ஊராரின் நீரைத் தொடாமல் செல்வது நடப்பவரின் பொறுப்பாகியுள்ளது.